மாமியின் கதைகளில் நாய்க்கு நோய் வருவதில்லை

தமிழில் வந்த சில காதல் நாவல்களின் கதாநாயகி நான்தான். அட்டைப் படத்தில் நிற்பது நானல்ல. அங்கே நீளப் பின்னலும் மஞ்சள் தாவணியுமாக ஒரு பெண் நிற்பாள். ஆனால் உள்ளே அவள் கரப்பான்பூச்சியைக் கண்டு கட்டில்மேல் ஏறும்போதும், பசு தலையை ஆட்டியவுடன் தூணைக் கட்டிக்கொள்ளும்போதும், பூனை காலில் உரசியதும் 'அம்மா' என்று அலறப்போய் 'அ' மட்டும் வெளியே வந்து நின்றுவிடும்போதும், அது நான். அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. தொந்தி உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை உண்டு. பைபாஸ் ஓரத்தில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதும் வேலை.

என்னை இந்த நிலைமைக்கு ஆளாக்கியவர் மாடிவீட்டு மாமி.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டம் என்ற ஊரில் ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அது. குடியிருந்தவர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள். காலையில் கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு போவார்கள், இருட்டியபின் வருவார்கள். பகலில் அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசும் குரல்கள் இரண்டுதான். ஒன்று என் மனைவியுடையது. மற்றது எங்களுக்கு நேர் மேலே தனியாக இருந்த மாமியுடையது. நாங்கள் நாகர்கோவில் பக்கம். மாமி திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்தவர். பிள்ளை பெங்களூரில்.

மாமியின் குரல் எங்கள் வீட்டுக்கு எப்போதும் கேட்கும். அவர் கையால் எழுதமாட்டார். போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கதை சொல்வார், அது எழுதிக்கொள்ளும். நிறுத்தற்குறிகளையும் அவரே சொல்லியாக வேண்டும். அதனால் நாங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் மேலேயிருந்து இப்படி இறங்கும்: "நாய் பாய்ந்தது முற்றுப்புள்ளி. அவள் அவன் மார்பில் சாய்ந்தாள் கமா, சாய்ந்தபின்தான் அது யாருடைய மார்பு என்று பார்த்தாள் முற்றுப்புள்ளி." என் மனைவி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். மாதாமாதம் வரும் புத்தகம் ஒன்றுக்கும், போனில் படிக்கும் தொடர் ஒன்றுக்கும் மாமி எழுதிக்கொண்டிருந்தார். இரண்டிலும் மிருகம் இல்லாமல் காதல் கிடையாது. மிருகம் இல்லாமல் இரண்டு பேர் காதலித்தார்கள் என்று யாராவது சொன்னால் மாமி நம்பவே மாட்டார்.

எங்கள் முதல் சந்திப்பிலும் ஒரு மிருகம் இருந்தது. லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே ஒரு பூனை உட்கார்ந்து என்னைப் பார்த்தது. ஏற்றிக்கொள்ளலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது அதன் முகம். அடுத்து நினைவிருப்பது, எதிர்வீட்டுச் செருப்பு அலமாரியின்மேல் நான் நின்றுகொண்டிருந்தது. படியிறங்கி வந்த மாமி பூனையை விரட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

"ஒரு நிமிஷம் அப்படியே இரியுங்கோ" என்றார். "இடது கையை எங்க வச்சிண்டிருக்கேள்?"

பார்த்தேன். நெஞ்சில் வைத்திருந்தேன்.

"வலது கை?"

"கரண்ட் மீட்டரப் பிடிச்சிருக்கேன்."

"மீட்டர் வேண்டா. தூண்னு வச்சுக்கலாம். கால் விரல் மடங்கியிருக்கே, அது தானா மடங்கறதா, நீங்க மடக்கறேளா?"

"தானா மாமி. பூனைய மொதல்ல..."

"பூனை அப்பவே போயாச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அடுத்த மாதப் புத்தகத்தை என் மனைவி உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். கதாநாயகி மாட்டுத்தொழுவத்துத் திட்டின்மேல் ஏறி, இடது கை நெஞ்சில், வலது கை தூணில், கால் விரல்கள் தானே மடங்க நின்றிருந்தாள். கதாநாயகன் அவளை இரண்டு கைகளாலும் தூக்கி இறக்கினான். "பாவம், இந்தப் பிள்ள ஒங்கள மாரியே பயப்படுது பாத்தியளா" என்றாள் மனைவி. நான் செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மாமியிடம் சண்டைக்குப் போனேன். காபி கொடுத்தார்.

"காதல் கதையில மிருகத்துக்கு என்ன ஜோலி, சொல்லுங்கோ பார்ப்போம்."

"கதாநாயகன் நல்லவன்னு காட்டத்தான். நாய்க்குட்டிக்குப் பால் ஊத்துவான்."

"அது சோம்பேறிகள் எழுதறது. நாயைக் கொஞ்சறவன் நல்லவன்னு யார் சொன்னா? எங்காத்துக்காரர் இருந்த காலத்துல நாயைக் கொஞ்சுவார். என்னைக் கொஞ்சினதில்லை." காபி ஆறிவிடும், குடியுங்கள் என்பதுபோலத்தான் அதைச் சொன்னார். "நம்ம வீடுகள்ல ஒரு பொண்ணும் பையனும் சும்மா கிட்டக்க நிக்க முடியுமோ? காரணம் வேணும். கன்னுக்குட்டி கயித்தை அறுத்துண்டு ஓடணும். ரெண்டு பேரும் ஒரே கயித்தைப் பிடிக்கணும். யாராவது கேட்டா, கன்னுக்குட்டியைப் பிடிச்சோம். தப்பு பூராவும் கன்னுக்குட்டி தலையில. அதுவும் யார்கிட்டயும் போய்ச் சொல்லாது. அதாக்கும் மிருகத்தோட ஜோலி."

"அதுக்கு எதுக்கு மாமி என்னைய மாரி பயப்படணும்?"

"குட்டி நாயைக் காட்டினா வாசகிக்கு நாய்மேலதான் காதல் வரும். பெரிய நாயா வரணும். பயந்தாத்தான் கை யார் என்னன்னு பார்க்காம நீளும். ஆனா பாருங்கோ, எனக்குப் பயம்னா என்னன்னு சரியாத் தெரியலை. சின்ன வயசுல பாம்பை விளக்குமாத்தால தள்ளியிருக்கேன். அப்போ மனசுல ஒண்ணும் வரலை. நீங்க வந்து சேர்ந்தேளே, என் பாக்கியம்."

அவருக்குப் பயம் வெளியூர்ச் சரக்கு. நான் மொத்த வியாபாரி. பக்கத்திலேயே கடை போட்டிருந்தேன்.

ஒருமுறை அட்டை வேண்டும் என்றார். மலைக்குப் போகும் காதலர்கள், அவள் காலில் அட்டை கடிக்கிறது, அவன் உப்பு வைத்து எடுக்கிறான். எங்கள் இருவரையும் பொன்முடிக்கு அழைத்துப் போனார். கொண்டையூசி வளைவுகளிலேயே என் உயிர் பாதி இறங்கிவிட்டது. மேலே மழைத்தூறலில், தேயிலைச் சரிவின் ஓரம், என் கணுக்காலில் மீதியைக் குடிக்க ஒன்று ஏறியது. நான் போட்ட சத்தத்தில் தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மாமி குனிந்து அட்டையை ஆராய்ந்தார். "வலிக்கறதா, குறுகுறுக்கறதா?" என்றார். என் மனைவி உப்பைத் தூவிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தாள். மாமி ஏமாந்துபோனார். "கல்யாணம் ஆனவாளுக்கு அட்டை ஒண்ணும் செய்யாது போலிருக்கே" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

அவர் கதைகளில் ஒரு விதி இருந்தது. மிருகம் சாகாது. மிருகத்துக்கு ஜலதோஷம்கூட வராது. நாய் கடிக்கும், ஆனால் கடித்த இடத்தில் கதாநாயகி முந்தானையைக் கிழித்துக் கட்டுவாள், மஞ்சள் வைப்பாள், அடுத்த அத்தியாயத்தில் நிச்சயதார்த்தம் நடக்கும். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "கதாநாயகனோட அப்பாக்களை வரிசையாக் கொன்னிருக்கேன், ஒருத்தி கேட்கலை. ஒரு கிளியைக் கொன்னேன். கொலைகாரின்னு கமெண்ட் போடறா" என்றார். விதி அவருடையதல்ல, வாசகிகளுடையது. ஆனால் பல வருஷம் அந்த விதிப்படி எழுதி எழுதி அவரே அதை நம்பத் தொடங்கியிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வாசலில் ஒரு தெருநாய் படுத்திருக்கும். செம்பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். பெயர் குட்டன், மாமி வைத்தது. மாலையில் மாமி அதற்கு ஒரு பன் போடுவார். நானும் போடுவேன். மாமி போட்டது அன்பு, நான் போட்டது கப்பம். கையில் குடையும் பையில் பிஸ்கட்டும் இல்லாமல் நான் அந்த வாசலைத் தாண்டியதில்லை. மழையா என்று கேட்பவர்களிடம் 'வரலாம்' என்பேன்.

அந்த நாட்களில் ஊரெல்லாம் தெருநாய்ப் பேச்சாகவே இருந்தது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், ரிட்டயரான மலையாளி அதிகாரி, லிஃப்டில் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "ஈ பட்டி ஆரெயெங்கிலும் கடிச்சால், அன்னு தன்னெ ஞான் ஆளெ விளிக்கும்." யாரையாவது கடித்தால் அன்றைக்கே ஆட்களைக் கூப்பிட்டுப் பிடித்துப் போகச் சொல்லிவிடுவாராம். நான் மட்டும் பலமாகத் தலையாட்டுவேன். மாமி என்னைத் திரும்பிப் பார்ப்பார். தலையை நிறுத்திவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை மாமி எங்கள் வீட்டுக்குக் காயம் கேட்க வந்தார். பெருங்காயத்தை என் மனைவி எடுத்துக் கொடுத்தபோது இடது கையை நீட்டி வாங்கினார். வலது கை முந்தானைக்குள் இருந்தது. பயந்தவனுக்குக் கண் கூர்மை. அடுத்தவர் எதை மறைக்கிறார் என்பது எனக்கு உடனே தெரியும், ஏனென்றால் நான் எல்லாவற்றையும் மறைப்பவன்.

"கையில என்ன மாமி?"

"கேட்டுல கிழிச்சுடுத்து."

"காட்டுங்க பாப்போம்."

மணிக்கட்டுக்குக் கீழே பழைய பட்டுப் புடவையின் கிழிசல் சுற்றியிருந்தது. அதன் விளிம்பில் மஞ்சள் கசிந்திருந்தது. அவருடைய எல்லா நாவல்களிலும் அத்தியாயம் முடிகிற கட்டு அது.

"எப்போ கடிச்சுது?"

மாமி என் மனைவியைப் பார்த்தார். "முந்தாநாள். கடிக்கணும்னு கடிக்கலை. இன்னொரு நாயோட பன்னுக்குச் சண்டை. நான் நடுவுல கையை விட்டேன். என் தப்பு. மஞ்சள் வச்சிருக்கேன், ஆறிண்டு வரது."

"ஊசி போடலியா?" என்றேன். குரல் எனக்கே பெண்குரலாகக் கேட்டது.

"ஊசிக்குப் போனா நாய் கடிச்சதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அந்த மனுஷன் அன்னிக்கே குட்டனைப் பிடிச்சுக் குடுத்துடுவான். நான் இத்தனை வருஷமா நாய்க்கடி எழுதறேன், என் கதையில யாரும் செத்ததில்லை."

"உங்க கதையில யாருக்கும் பேதிகூட ஆனதில்ல மாமி. அதுக்காக..." என் கால் விரல்கள் மடங்கிக்கொண்டன.

என் மனைவி பேச்சை வளர்க்கவில்லை. மாமியின் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கொண்டுபோனாள், கட்டை அவிழ்த்தாள், சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினாள். இரண்டு பல் ஆழமாகவே இறங்கியிருந்தன. "மாமி, வெறிநாயா இருந்து வெசம் மேல ஏறிட்டுன்னா அதுக்கப்புறம் மருந்தே கெடையாது. குட்டனுக்காவ நீங்க சாவணுமா? நீங்க வரலன்னா நானே செக்ரட்டரிட்ட சொல்லிருவேன்" என்றாள். மாமி அவளை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

ஆஸ்பத்திரியில் நாய்க்கடி வரிசை தனியாக இருந்தது. எனக்கு ஊசி, டெட்டால் வாசனை, வெள்ளை உடை எல்லாமே நாய் மாதிரிதான். நர்ஸ் மாமியின் கையைப் பார்த்துவிட்டு, இத்தனை நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மலையாளத்தில் கத்தினார். "எழுதிண்டிருந்தேன்" என்றார் மாமி. காயத்தைச் சுற்றிக் குத்தினார்கள், தோளில் குத்தினார்கள். மாமி ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியிலிருந்து மெதுவாகச் சரிந்ததைப் பார்த்த நர்ஸ், இரண்டு பேரில் யாருக்குக் கடி என்று மறுபடியும் கேட்டார்.

"தெருவு நாயோ, வீட்டு நாயோ?"

"வீட்டு நாய்" என்றார் மாமி, கண் இமைக்காமல்.

அப்படியானால் நல்லது, கட்டிப்போட்டுப் பத்து நாள் கவனியுங்கள், கிட்டே போகாமல் சாப்பாடு வையுங்கள், தின்னாமல் இருந்தாலோ எச்சில் வடித்தாலோ இருட்டில் போய்ப் பதுங்கினாலோ உடனே வந்து சொல்லுங்கள், மற்ற ஊசிகளையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சொன்னார்.

பொய் சொல்லியாகிவிட்டது. இனி அது வீட்டு நாயாக வேண்டும். அன்று மாலை மாமி பன்னைத் துண்டு துண்டாகப் போட்டுக் குட்டனை லிஃப்டுக்குள் ஏற்றி, நான்காவது மாடிக்குக் கொண்டுபோய், பின்பக்கம் பால்கனியை ஒட்டிய சின்ன அறையில் விட்டுச் சாத்தினார். வாசலில் நாய் குறைந்ததில் செயலாளருக்குச் சந்தோஷம். அந்த அறை எங்கள் படுக்கையறைக்கு நேர் மேலே. நடக்கும்போது நகங்கள் தரையில் டக் டக் என்று கேட்கும். அதுவரை வாசலில் இருந்த என் பயம் தலைக்குமேல் குடியேறிவிட்டது.

ஆனால் ஒன்று. அந்தச் சத்தம் நின்றால் இன்னும் பயம். நாய் செத்தால் மாமி என்ன ஆவார்? நாய்கள் ஒழிய வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வேண்டிக்கொண்டவன், காலையில் கண் விழித்ததும் கூரையைப் பார்த்து ஒரு நாய் நடக்க வேண்டுமே என்று காத்துக் கிடந்தேன். டக் டக் என்று கேட்டதும் பயந்துகொண்டே நிம்மதி அடைவேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சில நாளில் நகச்சத்தம் குறைந்தது. மாமியின் குரலும் குறைந்தது. 'முற்றுப்புள்ளி' என்று மேலேயிருந்து விழும் சத்தம் இல்லாமல் எங்கள் சாப்பாடு நகரவில்லை. தொடரில் அந்த வாரம் அத்தியாயம் வரவில்லை என்று என் மனைவி போனைக் காட்டினாள். கீழே வாசகிகள், கதாநாயகனுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. எங்கள் வீட்டில் மீன் நாள். அந்த நாளில் மாமி எங்கள் வாசல்படி மிதிக்கமாட்டார். அன்று நேரே உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தார். தலை வாரியிருக்கவில்லை.

"உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்கணும். நீங்க இதுல அனுபவஸ்தர்."

"எதுல மாமி?"

"குட்டன் சாப்பிட மாட்டேங்கறது. மூலையில இருட்டுல போய்ப் படுத்துண்டிருக்கு. வாயில எச்சில் வழியறது. எனக்குத் தொண்டையில என்னமோ மாதிரி இருக்கு. காலம்பற தண்ணி குடிக்கறச்சே இறங்கலை. அது அந்த வியாதியா, இல்லே இதைத்தான் எல்லாரும் பயம்ங்கறாளா? எனக்கு வித்தியாசம் தெரியலை. சொல்லுங்கோ."

எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக என் பாடத்தில் ஒருவர் சந்தேகம் கேட்டிருந்தார்.

"உள்ளங்கை வேர்க்குதா?"

"ஈரமாத்தான் இருக்கு."

"வயித்துக்குள்ள யாரோ வாளியக் கெணத்துல விட்ட மாதிரி இருக்கா?"

"சரியாச் சொன்னேள். காலம்பறலேர்ந்து."

"தனியா இருக்கும்போது கூடுதா, ஆள் பக்கத்துல இருந்தா கொறயுதா?"

யோசித்தார். "இப்போ கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

"கால் விரலப் பாருங்க."

இருவரும் குனிந்து பார்த்தோம். மாமியின் விரல்கள் தரையைப் பிடித்துக்கொள்வதுபோல் மடங்கியிருந்தன.

"இது பயந்தான் மாமி" என்றேன். "கலப்படம் இல்லாத பயம். நான் தெனமும் இதத்தான் வச்சிருக்கேன்." சொல்லிவிட்டேன். நான் டாக்டரா? தவறாகச் சொல்லியிருந்தால்? சமையலறையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு டம்ளரில் ஊற்றினேன். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். மாமி டம்ளரை உதட்டில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. பிறகு அசைந்தது. ஒரு வாய். இன்னொரு வாய். டம்ளர் காலியானதும் அதைக் கவிழ்த்துக் காட்டினார். என் டம்ளரிலிருந்த தண்ணீர் முழுவதும் என் வேட்டியில் இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. ஆனா நாளைக்கு ஆஸ்பத்திரில கேட்டுருவோம்" என்றேன்.

"குட்டனுக்கு?"

சமையலறை வாசலில் என் மனைவி மீன் செதில் ஒட்டிய கையோடு நின்றிருந்தாள்.

"மாமி, குட்டனுக்குத் திங்க என்ன குடுக்கிய?"

"தயிர் சாதம். காலம்பற இட்லி. நேத்திக்குப் பருப்பு நெய் போட்டுப் பிசைஞ்சு வச்சேன், முகர்ந்துகூடப் பார்க்கலை."

"அடக் கடவுளே. அது ரோட்டோரத் தட்டுக்கடைக்குப் பொறத்தால மீன் தலை தின்னு வளந்த நாயில்லா. சாயங்காலம் நீங்க போடுத பன்னு அதுக்குப் பலகாரம். தயிர்ச்சோத்தக் கண்டா அது வாயத் தொறக்குமா?"

"எச்சில்?" என்றார் மாமி.

என் மனைவி அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். சட்டியில் அயலைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை எங்கள் ஜன்னல் வழியே நேராக எங்கே ஏறுகிறது என்பதை மூன்று பேரும் ஒரே சமயத்தில் நினைத்துப் பார்த்தோம்.

ஆனால் நினைப்பது வேறு, அந்தக் கதவைத் திறப்பது வேறு. எச்சிலுக்கு அந்த வியாதியும் காரணமாக இருக்கலாம். என் மனைவி இரண்டு மீன் தலையைத் தட்டில் எடுத்துப் படியேறத் தொடங்கினாள். அவள் முதுகைப் பார்த்ததும் என் வயிற்றில் வாளி கிணற்றின் அடியைத் தொட்டது. எப்படி என்று தெரியாது, தட்டு என் கையில் இருந்தது.

"நீங்களா?" என்றாள்.

"நீ தள்ளு."

வீரன்போல் போகவில்லை. மழைக்கோட்டு போட்டேன், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டேன், ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கினேன். மாமி வீட்டுக்குள் அதுவரை மீன் நுழைந்ததில்லை. வாசலில் ஒரு கணம் நின்று அவரைப் பார்த்தேன். அவர் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டார்.

சின்ன அறையின் கதவை ஒரு சாண் திறந்தேன். மூலையில் இரண்டு கண்கள் தெரிந்தன. தட்டைத் தரையில் வைத்துத் துடைப்பக் கம்பால் உள்ளே தள்ளினேன். பாதி தூரத்தில் என் மூச்சில் ஹெல்மெட் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்துவிட்டது. எனக்கு எதுவும் தெரியவில்லை. நகம் மட்டும் கேட்டது. டக். டக். என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. கம்பைக் கட்டிக்கொண்டேன்.

"என்ன பண்ணுது?" என்றேன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

கண்ணாடியைக் கையால் துடைத்தேன். பனி உள்பக்கம் இருந்தது.

"ஏளா, என்ன பண்ணுதுன்னு சொல்லேன்."

அப்போது மொறுக்கென்று முள் கடிபடும் சத்தம் கேட்டது. தொடர்ந்து கேட்டது. தட்டு தரையில் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டும் சத்தம் கேட்டது.

"நக்கித் தீத்துட்டு" என்றாள் மனைவி. "வாலாட்டுது. கதவ அடைங்க."

அடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். மாமி கூடத்துச் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்து முந்தானைக்குள் போய்க்கொண்டிருந்தது. மீன் வாசனைக்கு அப்படி வழியாது.

மூக்கைப் பொத்திய குரலிலேயே என் மனைவியிடம் கேட்டார்: "நாளைக்கு என்ன மீன் கிடைக்கும்? எதுல முள்ளு கொறைச்சலோ அதைச் சொல்லு."

பத்து நாள் கெடு முடிந்தது. குட்டன் சாகவில்லை, கொழுத்திருந்தான். மாமிக்கு மிச்ச ஊசிகளும் போட்டு முடிந்தது. தொடர் மறுபடி வந்தது. அதில் கதாநாயகனை நாய் கடித்ததும் கதாநாயகி முதலில் சோப்பைத் தேடினாள், பிறகு ஆட்டோவைத் தேடினாள். வாசகிகளுக்குப் பிடிக்கவில்லை. முந்தானை என்ன ஆயிற்று என்று ஒருத்தி கேட்டிருந்தாள். காதல் இப்படி வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டா வளரும் என்று இன்னொருத்தி. மாமி அந்த அத்தியாயத்தை மாற்றவில்லை.

பிள்ளை கூப்பிட்டு அனுப்பியதும் பெங்களூருக்குப் போக முடிவு செய்தார். வாடகைக் கார் வாசலில் நின்றது. செயலாளர் உட்படப் பலரும் வழியனுப்ப வந்திருந்தார்கள். பின் சீட்டில் மாமியும், அவர் மடியில் தலை வைத்துக் குட்டனும். நான் வழக்கமான தூரத்தில், குடையோடு.

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். இளம் பையன், முகம் வெளுத்திருந்தது. "இது கடிக்குமோ அம்மா?" என்றான்.

"கடிக்கும்" என்றார் மாமி, செயலாளருக்கும் கேட்கும்படி. தழும்பு விழுந்த கையை அவன் தோளுக்கு மேலாக நீட்டிக் காட்டினார். "முன்னாடி பார்த்து ஓட்டுங்கோ."